பால்சா விமானத்தில் ஊறிப்போன எரிபொருள் எண்ணெயை வெளியே எடுப்பது எப்படி?

கேள்வி இது: கைமாறி வந்த பழைய ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானம், 40 சைஸ் (0.40 கன அங்குல என்ஜினுக்கான அளவு) பால்சா ட்ரெய்னர், அதாவது பறக்கப் பழகும் வகை. மெத்தனால் எரிபொருளில் ஓடும் க்ளோ என்ஜினில் பல வருடம் பறந்தது. மூக்கு, டேங்க் அறை, இறக்கை உட்காரும் இடம் எல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. மேலுறையாகச் சூடுவைத்து ஒட்டும் புது பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டவில்லை, எபாக்ஸி பசை தோல் மாதிரி உரிந்து வருகிறது. எண்ணெயை எடுத்து மரத்தைக் காப்பாற்ற முடியுமா?

பால்சாவைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஃபயர்வாலுக்கு, அதாவது மூக்கில் என்ஜினைத் தாங்கும் ப்ளைவுட் பலகைக்கு, அந்த உத்தரவாதம் கிடையாது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை கெட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதைக் கவனிக்காததுதான். கரைப்பான் எண்ணெயை எடுப்பதில்லை, நகர்த்த மட்டுமே செய்கிறது. எடுப்பது தூள். துணியில் அசிட்டோனை நனைத்துத் துடைத்தால் மரம் கொஞ்ச நேரம் வெளுத்துத் தெரியும். எண்ணெயில் ஒரு பங்கு துணிக்கு வந்திருக்கும், மீதி இளகி மரத்துக்குள் ஆழமாகவும் பக்கவாட்டில் அகலமாகவும் பரவியிருக்கும். மறுநாள் பார்த்தால் கறை முன்பைவிடப் பெரிது. கரைப்பான் எந்தப் பக்கம் ஆவியாகிறதோ அந்தப் பக்கம்தான் கரைந்த எண்ணெயும் வரும். அது வந்து சேரும் இடத்தில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தூள் காத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒன்றைச் சரியாகச் செய்வதற்கான ஏற்பாடுகள்.

இவ்வளவு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். க்ளோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால், அதோடு பொதுவாக 15 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன், மீதி 18 முதல் 22 சதவீதம் எண்ணெய். அந்த எண்ணெய் என்ஜினில் எரிவதில்லை, பெரும்பகுதி அப்படியே சைலன்சர் வழியாக வெளியே வருகிறது. 300 மி.லி. டேங்க் ஒன்று காலியானால் 54 முதல் 66 மி.லி. எண்ணெய் காற்றிலும் விமானத்தின் மேலும் போயிருக்கிறது என்று அர்த்தம். மெத்தனாலும் நைட்ரோவும் ஆவியாகிவிடும், எண்ணெய் தங்கிவிடும். பால்சாவோ அதைக் குடிப்பதற்கென்றே பிறந்த மரம். ஒரு கன செ.மீ. 0.15 கிராம் எடையுள்ள நடுத்தரப் பால்சாவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெற்றிடம்தான். முழுக்க நிரம்பினால் தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் எண்ணெயைத் தாங்கும். நடைமுறையில் அவ்வளவு நிரம்புவதில்லை, ஆனால் ஊறிய துண்டின் எடை இரட்டிப்பாவது சாதாரணம். இழையின் வெட்டுமுனை தெரியும் இடங்களில் இது வேகமாக ஏறும். கறை எப்போதும் இழை ஓடும் திசையில் நீளமாகப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எடை எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம். மூக்கில் ஊறினால் பசை விடும், அதோடு போகும். வாலில் ஊறினால் விமானத்தின் சமநிலையே மாறும். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 70 செ.மீ. தூரம், மூக்கு 20 செ.மீ. தூரம் என்றால், வாலில் ஏறிய 10 கிராமுக்கு ஈடாக மூக்கில் 35 கிராம் ஈயம் வைக்க வேண்டும். ஆக 45 கிராம் வீண் சுமை. சைலன்சர் புகை படும் பக்கத்தில் கிடைமட்ட வாலின் வேர்ப்பகுதியையும், வால் உடலில் செருகும் பிளவையும் கட்டாயம் பாருங்கள். மூக்கைச் சுத்தம் செய்துவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

எந்த எண்ணெய், எந்தக் கரைப்பான்

க்ளோ எரிபொருளில் இரண்டு வகை எண்ணெய் வரும். ஒன்று நம் விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கு. இன்னொன்று சிந்தெடிக். பெரும்பாலான எரிபொருள்களில் இரண்டும் கலந்திருக்கும். விளக்கெண்ணெய்க்கு மற்றத் தாவர எண்ணெய்களுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு: ஆல்கஹாலில் கரையும், ஆனால் பெட்ரோலிய வகைக் கரைப்பான்களில் சாதாரண வெப்பத்தில் சரியாகக் கரையாது. மெத்தனால் எரிபொருளில் இதைப் பயன்படுத்த முடிவதே இந்தக் குணத்தால்தான். ஆகவே க்ளோ விமானத்தை மண்ணெண்ணெய், வெள்ளை பெட்ரோல், மினரல் டர்பன்டைன் கொண்டு தேய்ப்பது வீண் உழைப்பு. அதோடு டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எண்ணெய்ப்பசையை மரத்தில் விட்டுச்செல்லும்.

க்ளோ விமானத்துக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் என் முதல் தேர்வு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். 99 சதவீதமாக இருக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கு வேண்டாம்: மீதி 30 சதவீதம் தண்ணீர், அந்தத் தண்ணீர் விளக்கெண்ணெயைக் கரைய விடாது, பால்சாவையும் ஊதவைக்கும். சானிட்டைசரில் கிளிசரின் இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம்.

கறை பழையதாகி, பிசினாக இறுகியிருந்தால் ஐபிஏ மட்டும் போதாது. அப்போது ஐபிஏவும் அசிட்டோனும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். அசிட்டோன் வேகமாக ஊடுருவும், விளக்கெண்ணெய், சிந்தெடிக் இரண்டையும் கரைக்கும். ஆனால் அது எதையெல்லாம் கெடுக்கும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். தெர்மோகோல் இறக்கை, ஏபிஎஸ் பிளாஸ்டிக் கவுலிங் (என்ஜின் மூடி), காக்பிட்டின் பிளாஸ்டிக் கூண்டு, டோப் பூச்சு (பட்டு, தாள் உறையை இறுக்கப் பூசும் வார்னிஷ் போன்றது), சூப்பர் க்ளூ இணைப்பு எல்லாமே அசிட்டோனில் இளகும் அல்லது கரையும். தெர்மோகோல் பக்கத்தில் இருக்கிறது என்றால் ஐபிஏவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டீசல் வகை மாடல் என்ஜின் ஓடிய விமானம் என்றால் கதை வேறு. அந்த எரிபொருளில் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் உண்டு. ஈதர் உடனே போய்விடும், மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் சேர்ந்து மரத்தில் இருக்கும். இதற்கு பெயின்ட் கடையில் கிடைக்கும் என்சி தின்னர் நன்றாக வேலை செய்கிறது, இரண்டையும் கரைக்கும். பெட்ரோல் என்ஜினில் ஓடிய பெரிய விமானத்தில் இருப்பது டூ ஸ்ட்ரோக் ஆயில். அதற்கு நாப்தா, அதாவது லைட்டரில் ஊற்றும் திரவம், போதும். பங்கில் வாங்கும் பெட்ரோலைப் பயன்படுத்தாதீர்கள். எண்ணெயைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறையில் தீப்பிடிக்கும்.

என்ன எரிபொருள் ஓடியது என்றே தெரியவில்லையா? இரண்டு காது குடையும் பஞ்சுக்குச்சி எடுங்கள். ஒன்றில் ஐபிஏ, இன்னொன்றில் நாப்தா. கறையின் பக்கத்துப் பக்கத்து இடங்களில் பத்து எண்ணும்வரை அழுத்தி உருட்டுங்கள். எது அதிகம் மஞ்சளாகிறதோ அதுதான் உங்கள் கரைப்பான்.

மெத்தனாலே விளக்கெண்ணெயை நன்றாகக் கரைக்குமே, எரிபொருளில் இருப்பதும் அதுதானே என்று கேட்கலாம். கரைக்கும். இருந்தாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம் அது. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. 2024 கள்ளக்குறிச்சிக்குப் பிறகு மெத்தனால் என்ன செய்யும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐபிஏ அதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தூள்

வெள்ளைக் கார்ன்ஃப்ளார் போதும். சூப் கெட்டியாக்கப் போடும் அதே பாக்கெட். மஞ்சள் நிற மக்காச்சோள மாவு வேண்டாம், அதில் தானியத்தின் கொழுப்பு சேர்ந்திருக்கும். முல்தானி மிட்டி எண்ணெயை இன்னும் பலமாக இழுக்கும், ஆனால் மண் நிறம் மரத்தில் தங்கும். மேலே ஒளிபுகும் ஃபிலிம் போடுவதாக இருந்தால் அசிங்கமாகத் தெரியும். உள்பக்கத்துக்கும், ஒளிபுகாத ஃபிலிமுக்கு அடியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். டால்கம் பவுடர் எண்ணெயை உறிஞ்சும் என்றாலும் அதன் வழுவழுப்பு மரத்துளையில் தங்கி, பின்னால் போடும் பசையைப் பிடிக்கவிடாது. சமையல் சோடாவும் வேண்டாம்: சூப்பர் க்ளூவை நொடியில் இறுக வைக்கும் பொருள் அது. துளைகளில் மிச்சம் இருந்தால், பின்னால் நீங்கள் விடும் மெல்லிய சூப்பர் க்ளூ உள்ளே இறங்காமல் மேலேயே கல்லாகிவிடும்.

அமெரிக்காவில் மாடல் கட்டுகிறவர்கள் துணிக்கறை நீக்கும் கே2ஆர் என்ற ஸ்பிரேயை இதற்குப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அடித்ததும் ஈரமாகப் படிந்து, காய்ந்து வெள்ளைத் தூளாகும், பிரஷால் தட்டிவிட வேண்டும். கரைப்பானும் உறிஞ்சும் தூளும் ஒரே டப்பாவில், அவ்வளவுதான். நாம் கையால் கலப்பதும் அதே வேலையைச் செய்யும், அளவும் நம் கையில் இருக்கும்.

வேலைக்கு முன்

என்ஜின், டேங்க், சக்கரம், சர்வோ (வால், இறக்கை மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்), ரிசீவர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வெற்று உடலைச் சமையல் தராசில் எடை போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்த எண்தான் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். கறை தெரியும் எல்லையிலிருந்து 3 செ.மீ. தாண்டி ஃபிலிமை உரித்துவிடுங்கள். ஃபிலிமுக்கு அடியில் எண்ணெய் எப்போதும் வெளியே தெரிவதைவிட அதிக தூரம் ஓடியிருக்கும். பல ஃபிலிம்களில் நிறம் பசைப்படலத்திலேயே இருப்பதால், கரைப்பான் அடியில் புகுந்தால் நிறம் கரைந்து மரத்தில் இறங்கும். விடப்போகும் ஃபிலிமின் ஓரத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி மூடுங்கள்.

மேலே பிசினாகப் படிந்ததைப் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். சமையலறைத் தாளில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு, லேசான ஈரத்தோடு மேலழுக்கை ஒருமுறை துடைக்கலாம். தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டாம்: பால்சா இழை எழும்பும், ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போட்ட இணைப்புகள் இளகும்.

இந்தக் கட்டத்தில் உப்புத்தாள் போடவே கூடாது. எண்ணெய் ஊறிய மரத்தைத் தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் குழைந்து துளைகளை அடைத்துவிடும், அதற்குப்பின் கரைப்பான் உள்ளே போகவே வழி இருக்காது. உப்புத்தாளின் முறை கடைசியில் வரும்.

பற்றுப் போடுவது

கார்ன்ஃப்ளாரில் ஐபிஏவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டியால் குழையுங்கள். 100 கிராம் மாவுக்கு 80 மி.லி.யில் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டுங்கள். தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, செங்குத்துப் பரப்பிலும் வழியாமல் நிற்கிற பதம் வேண்டும்.

பற்றை நேராகக் காய்ந்த மரத்தில் அப்பக் கூடாது. முதலில் பிரஷால் வெறும் கரைப்பானைக் கறைமேல் இரண்டு மூன்று தடவை பூசி, மரத்தை நனைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் இளக இந்த ஈரம் தேவை. கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் பூசுங்கள், நடுவிலிருந்து வெளியே பூசினால் கறை விரியும். நனைந்த உடனே 4 முதல் 5 மி.மீ. கனத்துக்குப் பற்றை அப்பி, பிளாஸ்டிக் தாளால் 20 நிமிடம் மூடிவையுங்கள். மூடியிருக்கும் நேரத்தில் கரைப்பான் ஆவியாகாமல் மரத்துக்குள் வேலை செய்யும். அசிட்டோன் கலந்திருந்தால் சாதாரண பாலிதீன் தாளையே பயன்படுத்துங்கள், பிவிசி வகைத் தாள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

பிறகு தாளை எடுத்துவிட்டு முழுக்கக் காயவிடுங்கள். கரைப்பான் பற்றின் வெளிப்புறத்திலிருந்து ஆவியாக, மரத்திலிருந்து எண்ணெயோடு புதுக் கரைப்பான் மேலே ஏறிவரும். எண்ணெய் மாவில் தங்கும். இந்த ஏற்றம் நடப்பது காயும்போதுதான். பாதி ஈரத்தில் சுரண்டி எடுக்கிறவர்கள் இந்தப் பயனைத்தான் இழக்கிறார்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகும், சமயத்தில் ஒரு ராத்திரியும் ஆகலாம். காய்ந்தபின் பற்று வெடித்து, தொட்டால் தூளாக உதிரும். அதன் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முதல் பற்றில் மரத்தைத் தொட்டிருந்த பக்கம் பழுப்பு மஞ்சளாக, விரலில் பிசுபிசுக்கும். மேல்பக்கம் வெள்ளையாக இருக்கலாம், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பழைய பல்துலக்கும் பிரஷால் இழை ஓடும் திசையில் தட்டி, வாக்குவம் கிளீனரால் தூளை இழுத்துவிடுங்கள். எடுத்த மாவைக் குப்பையில் போடுங்கள், மறுபடி கலக்காதீர்கள். பிறகு புதுப் பற்று. மிதமான கறைக்கு மூன்று, பல வருடம் ஊறியதற்கு ஐந்து ஆறு முறை போட வேண்டியிருக்கும். முதல் இரண்டில் பாதிக்குமேல் வந்துவிடும், அதற்குப்பின் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போகும். அடிப்பக்கமும் வெள்ளையாகவே வந்தால் நிறுத்தலாம்.

பலகையின் இரு பக்கமும் கைக்கு எட்டினால், வெளியே பற்று இருக்கும்போது உட்பக்கத்தில் பிரஷால் கரைப்பான் பூசுங்கள். எண்ணெய் ஒரே திசையில், பற்றை நோக்கித் தள்ளப்படும். 3 மி.மீ. பக்கப்பலகையில் இது அபாரமாக வேலை செய்கிறது.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். விளக்கெண்ணெய் சூடுபட்டு வருடக்கணக்கில் இருந்தால் வார்னிஷ் மாதிரி இறுகி மரத்தைப் பழுப்பாக்கிவிடும். எண்ணெய் போனாலும் அந்தப் பழுப்பு போகாது. ஒட்டுமா என்பதுதான் கேள்வி, வெளுத்ததா என்பது அல்ல.

கை எட்டாத இடங்கள்

டேங்க் அறையின் மூலைகளில் பற்றை அப்பலாம், ஆனால் காய்ந்ததைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. அங்கே வேறு வழி. பூனைக்குப் போடும் களிமண் குருணை, பென்டோனைட் வகை, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். நறுமணம் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கெட்டியான பையில் குருணையை நிரப்பி, விமானத்தின் மூக்கை அதற்குள் கீழ்நோக்கிப் புதைத்து, டேங்க் அறைக்குள்ளும் நிரப்பி இரண்டு வாரம் செங்குத்தாக நிறுத்திவையுங்கள். புவியீர்ப்பு எண்ணெயை மூக்குப்பக்கம் இறக்கும், குருணை இழுத்துக்கொள்ளும். இது பற்றுக்கு மாற்று ஆகாது. இளகி இருக்கும் எண்ணெயைத்தான் எடுக்கும், இறுகியதை எடுக்காது. ஆனால் பற்று வேலையைத் தொடங்கும் முன் இதைச் செய்தால் பாதிப் பற்று மிச்சம்.

சூடு இங்கே பெரிய உதவி. விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பு 40 டிகிரியில் சுமார் 250 சென்டிஸ்டோக்ஸ், 100 டிகிரியில் சுமார் 20. அதாவது சூடு ஏற ஏற தேன் பதத்திலிருந்து நீர்த்துக்கொண்டே வரும். ஹேர் டிரையரால் மரத்தைச் சூடாக்கி, உடனே மடித்த டிஷ்யூ தாளை வைத்து அழுத்தினால் தாளில் எண்ணெய் ஊறி வருவது கண்ணுக்கே தெரியும். ஃபிலிம் ஒட்டும் சிறிய அயர்ன் இருந்தால் தாளின் மேல் வைத்து அழுத்தலாம். மரம் கையால் தொட்டுத் தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் சாதாரண எபாக்ஸி இணைப்புகள் 60 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். ஹீட் கன்னை ஃபயர்வால் மூலையில் பிடித்தால், எண்ணெய் வருவதற்கு முன் ஃபயர்வாலே கையோடு வந்துவிடும்.

கரைப்பானும் சூடும் ஒரே நாளில் வேண்டாம். ஐபிஏ, அசிட்டோன், தின்னர் எல்லாமே எளிதில் தீப்பற்றும். டிரையரின் கம்பிச்சுருள் ஒன்றே போதும். கரைப்பான் வாசனை முழுக்கப் போன பிறகுதான் சூடு. கரைப்பான் வேலையை மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் சாமி விளக்கு, அடுப்பு, சுவிட்சு எதுவும் இருக்கக் கூடாது. நைட்ரைல் கையுறை போடுங்கள். அசிட்டோன் அதையும் சில நிமிடங்களில் ஊடுருவும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். தூளைத் தட்டும்போது முகக்கவசம் வேண்டும்.

வெயிலில் வைத்தால் தானாகவே வருமே என்று யோசிப்பவர்களுக்கு: வரும், ஆனால் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடந்த இறக்கை முறுக்கிக்கொள்ளும். உடலை மட்டும், வெளிச்சம் சீராகப் படும்படி, குருணைப் பையோடு வைக்கலாம். இறக்கை, வால் வேண்டாம்.

ஃபயர்வால்

40 சைஸில் இது பொதுவாக 6 மி.மீ. ப்ளைவுட். ப்ளையின் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பசைக்கோடு இருப்பதால் எண்ணெய் முகப்பிலிருந்து உள்ளே போவதில்லை. விளிம்புகள், என்ஜின் மவுன்ட் போல்ட் ஓட்டைகள், எரிபொருள் குழாய் போகும் ஓட்டை, இவற்றின் வழியாகப் பக்கவாட்டில் புகுகிறது. அதே காரணத்தால் பற்று போட்டாலும் வெளியே வருவதில்லை, மேலடுக்கு சுத்தமாகும், நடு அடுக்கு அப்படியே இருக்கும். மவுன்ட்டைப் பிடித்து நாலா பக்கமும் நன்றாக ஆட்டிப் பாருங்கள். பக்கப்பலகைக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே கோடு திறந்து மூடினால், அல்லது அழுத்தும்போது அந்தக் கோட்டில் எண்ணெய் கசிந்தால், சுத்தம் செய்ய நேரம் செலவழிக்காதீர்கள். எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். பறக்கும்போது என்ஜினோடு ஃபயர்வால் பிரிந்தால் விமானம் மட்டும் போகாது, சுழலும் புரொப்பெல்லரோடு என்ஜின் யார் மேல் வேண்டுமானாலும் விழலாம்.

பழையதைச் சிறிய வாளால் நடுவில் அறுத்துத் துண்டுதுண்டாக உள்பக்கம் மடக்கி எடுப்பது எளிது. முழுதாகப் பிடுங்கினால் பக்கப்பலகை கிழியும். எடுத்தபின் பக்கப்பலகையில் பழைய எபாக்ஸி படலம் இருக்கும், சுரண்டிவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு மூன்று பற்று போடுங்கள். புது ஃபயர்வாலில் எல்லா ஓட்டைகளையும் முன்பே போட்டு, ஓட்டைகளுக்குள்ளும் நான்கு விளிம்பிலும் மெல்லிய எபாக்ஸி பூசி இறுகவிட்ட பிறகு, விளிம்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி ஒட்டுங்கள். 5 நிமிட எபாக்ஸி வேண்டாம், 30 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் வகை வேண்டும். இறுகியபின் பக்கவாட்டிலிருந்து பக்கத்துக்கு மூன்று வீதம் 3 மி.மீ. ஓட்டை போட்டு மூங்கில் குச்சியை எபாக்ஸியோடு அடித்து இறக்குங்கள். பின்பக்க மூலைகளில் முக்கோணக் கட்டைகளை ஒட்டுங்கள். பசை மட்டுமே பிடித்திருக்கும் ஃபயர்வாலை, எண்ணெய் கண்ட உடலில் நான் நம்பமாட்டேன்.

பால்சாவிலும் சில இடம் தேறாது. நகத்தால் லேசாக அழுத்தினால் பள்ளம் விழுந்து எழும்பாமல் நிற்கிறதா? அந்தத் துண்டை வெட்டி எடுங்கள். செங்குத்தாக வெட்டாமல், கனத்தைப்போல் குறைந்தது ஆறு மடங்கு நீளத்துக்குச் சரிவாக வெட்டி, அதே சரிவில் புதுப் பால்சாவைப் பொருத்துங்கள். வெட்டுக்கோடு நல்ல மரத்தில் விழ வேண்டும், கறையின் ஓரத்தில் அல்ல.

பட்டு அல்லது டிஷ்யூ தாள் உறை போட்டு டோப் அடித்த பழைய விமானமாக இருந்து மேலுறையைக் காப்பாற்ற நினைத்தால், உட்பக்கத்திலிருந்து ஐபிஏ பற்று மட்டும் போடுங்கள். அசிட்டோனும் மெத்தனாலும் நைட்ரேட் டோப்பைக் கரைக்கும். ஐபிஏவையும் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

போதுமா என்று எப்படித் தெரியும்

கடைசிப் பற்றைத் தட்டி ஒரு நாள் கழித்து எடை போடுங்கள், மறுநாளும் போடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கரைப்பான் முழுக்கப் போய்விட்டது. முதல் எடையோடு ஒப்பிட்டால் எவ்வளவு எண்ணெய் வந்தது என்று தெரியும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, பரவி ஊறினால் நல்லது. அடுத்து டிஷ்யூ தாளை வைத்து அயர்னால் மிதமாக அழுத்துங்கள். தாளில் ஒளிபுகும் புள்ளி விழக் கூடாது.

இவை எல்லாம் தேறினாலும் கடைசித் தீர்ப்பு பசையிடம்தான். மறைவான இடத்தில் ஒரு விரல் அகல பால்சாத் துண்டை, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே எபாக்ஸியால் ஒட்டி, 24 மணி நேரம் கழித்துப் பிய்த்துப் பாருங்கள். மரம் கிழிந்தால் வேலை முடிந்தது. பசை பளபளப்பாக, மரநார் ஒட்டாமல் உரிந்தால் இன்னும் இரண்டு பற்று தேவை. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு ஃபிலிம் போட்டால், மாதம் கழித்துக் கொப்புளமாக எழும்பும்.

மறுபடி ஊறாமல்

இப்போதுதான் உப்புத்தாள்: 220 எண், லேசாக. தூளை வாக்குவத்தால் எடுத்துவிட்டு, டேங்க் அறை முழுக்க, ஃபயர்வாலின் இரு பக்கம், இறக்கை உட்காரும் மேடை, தரையிறங்கு சக்கரக் கம்பி செருகும் இடம், இறக்கை போல்ட் பிளாக், எல்லாவற்றுக்கும் மெல்லிய லேமினேட்டிங் எபாக்ஸி பூசுங்கள். நீர்க்கவைக்க ஆல்கஹால் கலப்பது பரவலான பழக்கம், ஆனால் அது ஆவியாகும்போது பூச்சில் நுண்துளை விட்டுச்செல்லும், வலுவும் குறையும். அதற்குப் பதிலாக, கலந்த எபாக்ஸியை டிரையரால் லேசாகச் சூடாக்குங்கள். தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் சீக்கிரம் இறுகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். பூசிய ஐந்தாவது நிமிடம் டிஷ்யூவால் அதிகப்படியானதை ஒற்றி எடுத்துவிடுங்கள். எடை கூடாமல் இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு கனமான பூச்சைவிட மேல். திருகு ஓட்டைகளுக்கு ஒருமுறை திருகை இறக்கி ஏற்றி மரை விழவைத்து, மெல்லிய சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டு இறுகவிடுங்கள். சர்வோ மேடையில் இதை யாரும் செய்வதில்லை, அங்கிருந்துதான் எண்ணெய் அமைதியாக உள்ளே போகிறது.

டோப் பூச்சை நம்புகிறவர்கள் கவனிக்க: நைட்ரேட் டோப் க்ளோ எரிபொருளில் கரைந்துவிடும். மேலே பியூட்டிரேட் டோப் அல்லது இரண்டு கூறு பாலியூரிதேன் கிளியர் கட்டாயம் வேண்டும்.

ஃபிலிமை வாலிலிருந்து மூக்கை நோக்கி, அடிப்பக்கம் முதலில், பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பக்கம் என்ற வரிசையில் போடுங்கள். அப்போது மடிப்பு ஓரங்கள் எல்லாம் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் பார்க்கும், புகையோடு வரும் எண்ணெய் ஓரத்துக்குள் நுழையாமல் வழுக்கிப் போகும். ஓரங்கள் குறைந்தது 6 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ஃபயர்வால் பக்கம் ஃபிலிமை முகப்புக்கு மடித்து ஒட்டிவிட்டு, அந்த விளிம்பின் மேல் கொஞ்சம் எபாக்ஸியை விரலால் இழுத்துவிடுங்கள். சைலன்சர் வாயில் ஒரு சிலிக்கோன் குழாய் மாட்டி, புகை உடலைத் தொடாமல் கீழே வெளியே போகும்படி திருப்புங்கள். டேங்க்கைத் திரும்ப வைக்கும் முன், ஒரு குழாயைத் தவிர மற்றதை விரலால் அடைத்து, தண்ணீரில் அமுக்கி, அந்த ஒரு குழாய் வழியாக ஊதிப் பாருங்கள். மூடியின் ரப்பர் அடியில் ஒரு குமிழ் வந்தாலும் ரப்பரையும் குழாயையும் மாற்றிவிடுங்கள். டேங்க் அறை ஊறிய விமானங்களில் மிகப் பெரும்பாலும் குற்றவாளி அந்த ரப்பர்தான்.

எல்லாம் முடிந்தபின் ஈர்ப்பு மையத்தைப் புதிதாகப் பாருங்கள். மூக்கிலிருந்து எண்ணெய் போயிருக்கிறது, அதனால் வால் இப்போது கனமாக இருக்கலாம். பேட்டரியை முன்னால் நகர்த்தி ஈடுகட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஈயம்.